டேப் போனது, கறை வந்தது

'வியர்ட் டேல்ஸ்' என்ற பழைய அமெரிக்கத் திகில் கதைப் பத்திரிகையின் 1935 மார்ச் இதழைப் பழுதுபார்க்க மூன்று வாரமாக மல்லுக்கட்டி, நேற்று இரவு கோட்டை விட்டேன். இதழின் முதுகில் (பக்கங்கள் சேரும் மடிப்புப் பக்கம்) யாரோ என்றைக்கோ ஒட்டிய செல்லோ டேப் வந்துவிட்டது, அதுவரைக்கும் வெற்றிதான். விற்றவர் டேப்பைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை, முதுகு தெரியாத மாதிரிதான் படமும் எடுத்திருந்தார். நானும் ஓவியர் மார்கரெட் ப்ரண்டேஜ் வரைந்த அட்டை என்றதும் எதுவும் கேட்காமல் காசைக் கொடுத்தவன்தான்.

டேப்பை எடுப்பது பெரிய விஷயமில்லை. ஹேர் டிரையரைக் குறைந்த சூட்டில் காட்டி, ஓரத்தை ஸ்பேட்டுலாவால் கிளப்பினால் பிளாஸ்டிக் உரிந்து வந்துவிடும். கீழே தங்கிப்போகும் பசைதான் வம்பு, க்ரேப் ரப்பரால் (பசையை இழுத்தெடுக்கும் ரப்பர் கட்டி) உருட்டி உருட்டி எடுக்க மூன்று ராத்திரி ஆனது. அப்புறம் கிழிசலை ஒட்ட, நீள நார் கொண்ட மெல்லிய ஜப்பானியத் தாள். வெட்டக் கூடாது, ஈரத் தூரிகையால் கோடிழுத்துக் கிழிக்க வேண்டும், அப்போதுதான் ஓரத்தில் நார் பிசிறி நிற்கும், பிடிப்பதே அந்த நார்தான். பசை, கோதுமை ஸ்டார்ச் (போஸ்டர் ஒட்டும் மைதாப் பசை இல்லை, தயவுசெய்து அதைத் தொடாதீர்கள்). அதில்தான் தண்ணீர் கூடிப்போனது. மட்டமான மரக்கூழ்த் தாள், ஈரம் பட்டால் உள்ளே இருக்கிற பழுப்பெல்லாம் ஈரத்தோடு நகர்ந்து, அது காயும் விளிம்பில் போய் நிற்கும். காலையில் பார்த்தால் முதல் நாலு பக்கத்திலும் டீ சிந்திய மாதிரி ஒரு கோடு! தூரிகையை ஒற்றுத்தாளில் ஒற்றிவிட்டுத்தான் தொட வேண்டும் என்று தெரியும், தெரிந்தும் அவசரம். அடுத்த முறை மீதைல் செல்லுலோஸ் பசைதான். பிடிமானம் குறைவு, ஆனால் தண்ணீரைச் சட்டென்று விடாது. சிகாகோ குளிரில் ஹீட்டர் ஓடி ஓடி வீடே வறண்டு கிடக்கிறது, பக்கத்தைத் திருப்பினால் அப்பளம் மாதிரி நொறுங்குகிறது, அந்த எரிச்சல் வேறு.

நல்லவேளை, அட்டைக்கு ஒன்றும் ஆகவில்லை. ப்ரண்டேஜ் இதே ஊர்க்காரர், வரைந்தது பாஸ்டல் சாக்கில், அட்டைக்கு 90 டாலர் கூலி. பத்திரிகையும் இங்கே இருந்தவரை சரி, 1938-ல் அது நியூயார்க் போனதும், கை பட்டாலே கலையும் பாஸ்டலை அவ்வளவு தூரம் அனுப்புவது பெரும்பாடாகி, அவருடைய அட்டைகள் குறைந்துவிட்டன. ஒரு சொட்டுத் தண்ணீருக்கே நான் இந்தப் பாடுபடுகிறேன்.

அடுத்து இன்னொரு அட்டை ஓவியர், ஃபிராங்க் ஆர். பால் பக்கம் போகலாம் என்று இருக்கிறேன். கட்டடக்கலை படித்தவர், இயந்திரங்களை அள்ளிப் போடுவார், மனிதர்கள் மட்டும் மரப்பாச்சிதான். 'அமேசிங் ஸ்டோரீஸ்' என்ற அறிவியல் புனைகதைப் பத்திரிகையின் 1928 ஆகஸ்ட் அட்டையில் பறக்கிற ஆளைப் பலரும் விண்வெளிக் கதை நாயகன் பக் ராஜர்ஸ் என்பார்கள், உண்மையில் அது அதே இதழில் வந்த 'ஸ்கைலார்க் ஆஃப் ஸ்பேஸ்' கதைக்கான படம். அசல் கிடைத்தாலும் கட்டாது, முனை போன பழைய இதழ் ஏதாவது மாட்டுமா என்று வசந்தத்தில் இங்கே நடக்கும் பல்ப் (இந்த மாதிரி மட்டத் தாள் கதைப் பத்திரிகைகள்) சந்தையில் தேட வேண்டும். அந்தக் கால 'அமேசிங்' பெரிய அளவு, என்னிடம் இருக்கிற மைலார் (கண்ணாடி மாதிரிப் பிளாஸ்டிக்) உறை எதுவும் பத்தாது, ஐம்பது உறைக்கு ஆர்டர் போட்டாயிற்று, இதழ்தான் இன்னும் வாங்கவில்லை.

ப்ரண்டேஜ் இதழ் ஒற்றுத்தாளுக்கு நடுவில், கிரைண்டர் கல்லுக்கு அடியில் கிடக்கிறது. முதுகின் கீழ்ப்பாதி இன்னும் ஒட்டவில்லை.