மூன்று சிறுகதைகளுக்கு வந்த வக்கீல் நோட்டீஸ்

போன வியாழக்கிழமை காலையில் யூடியூபிலிருந்து மின்னஞ்சல் வந்தது. ஸ்ட்ரைக் (பதிப்புரிமைப் புகாரால் சேனல் மேல் விழும் எச்சரிக்கை) நீக்கப்பட்டது, வீடியோக்கள் பழையபடி கிடைக்கும் என்று இரண்டே வரி. அந்த இரண்டு வரிக்கு 41 நாள் அலைந்திருக்கிறேன். ஆறுதலாகத்தான் இருக்கிறது, ஆனால் மனசில் பட்ட காயம் இன்னும் ஆறவில்லை. சூடு ஆறுவதற்குள் எழுதிவிட்டால், பாடத்தைப் பதிவு செய்து மாணவர்களுக்கு அனுப்பும் மற்ற ஆசிரியர்களுக்காவது உதவும்.

தருமபுரிக்குப் பக்கத்தில் ஒரு தனியார் கல்லூரியில் தமிழ் நடத்துகிறேன். ஞாயிற்றுக்கிழமைகளில் தொலைநிலைக் கல்வி மாணவர்களுக்குத் தொடர்பு வகுப்பும் எடுக்கிறேன். மொத்தம் 64 பேர். ஒருவர் பென்னாகரம் பக்கம் பஸ் கண்டக்டர். நாலைந்து பேர் ஓசூர் கம்பெனிகளில் ஷிப்ட் வேலை பார்க்கிறவர்கள். அஞ்செட்டிப் பக்கத்திலிருந்து கைக்குழந்தையோடு வரும் பெண் ஒருவர் இருக்கிறார். விடியற்காலை பஸ்ஸை விட்டால் அவருக்கு அன்றைய வகுப்பு போச்சு. இவர்களுக்காகத்தான் பாடத்தைப் பதிவு செய்ய ஆரம்பித்தேன்.

பாடத்திட்டத்தில் நம் பகுதி எழுத்தாளர் ஒருவரின் மூன்று சிறுகதைகள் உண்டு. அவர் இப்போது இல்லை. பெயரை இங்கே எழுதவில்லை. புத்தகம் அச்சில் இல்லாமல் பல வருடம் ஆகிறது. தருமபுரியில் கிடைக்கவில்லை, சேலத்திலும் தேடிப் பார்த்தேன், இல்லை. என்னிடம் இருந்த ஒரே பிரதியை ஸ்கேன் செய்து டெலிகிராம் குழுவில் போட்டேன். மூன்று கதைகளையும் முழுதாக வாசித்து, நடுநடுவே விளக்கம் சொல்லி, மூன்று வீடியோவாக யூடியூபில் ஏற்றினேன்.

தவறு எங்கே என்பதை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். பாடத்தில் இருப்பது மூன்று கதை. நான் ஸ்கேன் செய்தது 168 பக்கப் புத்தகம் முழுவதும். அட்டையைக்கூட விடவில்லை. டெலிகிராம் குழுவின் இணைப்பைப் பொதுவில் வைத்திருந்தேன். 64 பேருக்கான குழுவில் 2,300 பேர் சேர்ந்துவிட்டார்கள். போட்டித் தேர்வுக்குப் படிக்கிறவர்கள் ஒருவருக்கொருவர் அனுப்பிக்கொண்டார்கள் போலிருக்கிறது. எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது.

கல்லூரி முதல்வர் பெயருக்குப் பதிவுத் தபாலில் நோட்டீஸ் வந்தது. அந்தப் புத்தகத்தை வெளியிட்ட பதிப்பகத்தின் வக்கீல் அனுப்பியது. 1957ஆம் வருடப் பதிப்புரிமைச் சட்டம், 51ஆம் பிரிவு, 63ஆம் பிரிவு, ஆறு மாதம் முதல் மூன்று ஆண்டு வரை சிறை, ஐம்பதாயிரம் முதல் இரண்டு லட்சம் வரை அபராதம். அதே வாரத்தில் மூன்று வீடியோவும் எடுக்கப்பட்டு, சேனலுக்கு ஒரு ஸ்ட்ரைக். 90 நாளுக்குள் மூன்று ஸ்ட்ரைக் சேர்ந்தால் சேனலே போய்விடும். நாலு வருடப் பாடங்கள் அதில் இருக்கின்றன.

அலுவலகத்தில் என்னிடம் கேட்ட முதல் கேள்வி, "யாரைக் கேட்டுப் போட்டீங்க?" சாயங்காலம் நாலு மணிக்குள் எழுத்தில் விளக்கம் வேண்டும் என்றார்கள். இதே வீடியோக்களைப் போன வருடம் கல்லூரியின் சாதனைப் பட்டியலில் சேர்த்து மேலே அனுப்பியது இதே அலுவலகம்தான். அன்றைக்கு யாரும் யாரைக் கேட்டாய் என்று கேட்கவில்லை. இது எனக்கு இன்னும் வலிக்கிறது.

அப்புறம் வந்தது அந்த வீண் பயணம். நோட்டீஸில் ஓரிடத்தில் 'பதிப்புரிமை' என்றும் இன்னோரிடத்தில் 'காப்புரிமை' என்றும் எழுதியிருந்தார்கள். அலுவலகத்தில் கோப்பைப் பார்க்கிறவர், "காப்புரிமை ஆபீஸ் கிண்டியில இருக்கு மேடம். போய் ஒரு என்.ஓ.சி. வாங்கிட்டு வந்துடுங்க, ஃபைல்ல வெச்சா பிரச்சினை முடிஞ்சுது" என்றார். பயத்தில் இருந்த நான் யோசிக்கவே இல்லை. தற்செயல் விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டு மொரப்பூரில் ரயில் ஏறினேன். சென்ட்ரலில் இறங்கி, பூங்கா நிலையத்தில் மின்சார ரயில் பிடித்து, கிண்டி போய்ச் சேர்ந்தபோது மதியம் ஆகிவிட்டது.

அங்கே இருந்தவர் என் கையிலிருந்த நோட்டீஸை வாங்கி நின்றபடியே படித்துவிட்டுப் பொறுமையாகச் சொன்னார். "இங்க பார்க்கிறது கண்டுபிடிப்புக்கான காப்புரிமையும் வணிகக்குறியும்மா. பதிப்புரிமை அலுவலகம் டெல்லி துவாரகாவில. அங்கேயும் பதிவு செய்றதுதான். அடுத்தவங்க புத்தகத்துக்கு அனுமதியை எந்த ஆபீஸும் தராது, உரிமையாளர்தான் தரணும்." மூன்று நிமிடத்தில் முடிந்த பேச்சு. நம் ஆட்கள் பேடன்டையும் காப்புரிமை என்கிறார்கள், காப்பிரைட்டையும் காப்புரிமை என்கிறார்கள். அந்த ஒரு சொல் குழப்பத்துக்கு எனக்கு ஒரு நாளும் ரயில் கட்டணமும் போயின. புத்தகம், பாட்டு, படம், வீடியோ என்றால் பதிப்புரிமை. எழுதும்போதும் பேசும்போதும் அப்படியே சொல்லுங்கள்.

திரும்பி வந்தால் ஆளுக்கொரு யோசனை. "பத்து சதவீதம் வரைக்கும் எடுக்கலாம், ஃபேர் யூஸ்" என்று ஒரு சக ஆசிரியர் அடித்துச் சொன்னார். இரண்டு ராத்திரி உட்கார்ந்து சட்டத்தையே படித்தேன். நம் சட்டத்தில் பத்து சதவீதம் என்று எங்கேயும் இல்லை. ஃபேர் யூஸ் என்பது அமெரிக்கச் சட்டத்தின் பேச்சு; இணையவழி வகுப்புக்கென்று 2002இல் அவர்கள் தனியாக ஒரு சட்டமும் போட்டிருக்கிறார்கள், அது அவர்களுக்கு. நமக்கு 52ஆம் பிரிவு. ஆசிரியரோ மாணவரோ கற்பித்தலின் போக்கில் ஒரு படைப்பைப் படியெடுத்தால் உரிமை மீறல் ஆகாது என்று அதில் நேராகவே இருக்கிறது. தேர்வுத்தாளில் கேள்வியாகவும் விடையாகவும் எடுத்துக்கொள்வதற்கும் அப்படியே. ஆசிரியர்கள், மாணவர்கள், அவர்களுடைய பெற்றோர் மட்டும் இருக்கும் இடத்தில் கல்லூரி நடவடிக்கையாகத் திரைப்படம் போட்டுக் காட்டவும் இடம் உண்டு.

டெல்லி பல்கலைக்கழகத்து ராமேஸ்வரி செராக்ஸ் கடை வழக்கையும் அப்போதுதான் முழுசாகப் படித்தேன். ஆக்ஸ்போர்டு, கேம்பிரிட்ஜ், டெய்லர் அண்ட் பிரான்சிஸ் என்று மூன்று பெரிய பதிப்பகங்கள் 2012இல் போட்ட வழக்கு. பாடத்திட்டத்தின்படி பல புத்தகங்களிலிருந்து பக்கங்களைச் செராக்ஸ் எடுத்துக் கட்டிக் கொடுத்தது குற்றம் என்றார்கள். டெல்லி உயர் நீதிமன்றம் 2016 செப்டம்பரில் வழக்கைத் தள்ளியது. மேல்முறையீட்டில் அதே வருடம் டிசம்பரில் வந்த தீர்ப்பு நமக்கு முக்கியம். கற்பித்தல் என்பது வகுப்பறைக்குள் பேசும் ஒரு மணி நேரம் மட்டும் இல்லை, எத்தனை பக்கம் என்பதும் அளவுகோல் இல்லை, பாடம் நடத்த அது தேவைதானா என்பதே கேள்வி என்றது அமர்வு. 2017இல் உச்ச நீதிமன்றமும் இதில் தலையிட மறுத்துவிட்டது.

இதைப் படித்த ராத்திரிதான் நிம்மதியாகத் தூங்கினேன். மறுநாள் காலையிலேயே யூடியூபுக்கு எதிர் அறிவிப்பு, அதாவது வீடியோவை எடுத்தது தவறு என்ற மறுப்பு, கொடுத்துவிடலாம் என்று உட்கார்ந்தேன். படிவத்தின் கடைசியில், அமெரிக்க நீதிமன்றத்தின் அதிகார வரம்பை ஏற்கிறேன் என்று ஒப்புக்கொள்ளச் சொல்கிறார்கள். கை நின்றுவிட்டது. யோசிக்காமல் அதை அழுத்தாதீர்கள், முதலில் ஒரு வக்கீலைப் பாருங்கள்.

இடையில் பதிப்பகத்தோடு மூன்று முறை போனில் பேசினேன். கதைக்கு 15,000 ரூபாய், வருடா வருடம் புதுப்பிக்க வேண்டும், ரசீது அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்றார்கள். எழுத்தாளரோடு போட்ட ஒப்பந்தத்தின் நகல் கிடைக்குமா என்று கேட்டேன். "எங்க புக்குங்க அது, நகல் எதுக்கு?" என்று வைத்துவிட்டார்கள்.

என் பழைய மாணவர் ஒருவரின் அண்ணன் தருமபுரி நீதிமன்றத்தில் வக்கீல். அவரிடம் போனேன். 52ஆம் பிரிவு, டெல்லி தீர்ப்பு எல்லாவற்றையும் அவரிடம் ஒப்பித்தேன். கேட்டுவிட்டு அவர் சொன்னது: "64 பேருக்குன்னா வாதாட நமக்கு இடம் இருக்கு மேடம். 2,300 பேர், அப்புறம் உலகத்துக்கே தெரியுற வீடியோன்னா கற்பித்தல்னு சொல்றது கஷ்டம். சட்டத்துல இணையவழி வகுப்புன்னு தனியா ஒரு வார்த்தையும் இல்ல. அது இருக்கட்டும். இந்தப் புத்தகத்தோட உரிமை இவங்ககிட்ட இருக்குன்னு யார் சொன்னது?"

எனக்கு அது தோன்றவே இல்லை. யார் அச்சடித்தார்களோ அவர்களுக்குத்தான் உரிமை என்று நினைத்திருந்தேன். முதல் உரிமையாளர் எழுதியவர்தான். அவர் எழுத்து மூலமாகக் கொடுத்தால்தான் உரிமை பதிப்பகத்துக்குப் போகும். அந்த ஒப்பந்தத்தில் காலம் குறிப்பிடவில்லை என்றால் ஐந்து வருடம் என்றுதான் சட்டம் எடுத்துக்கொள்ளும். அது முடிந்தால் உரிமை எழுதியவருக்கோ வாரிசுக்கோ திரும்பிவிடும். 1995க்கு முன்னால் போட்ட ஒப்பந்தங்களுக்கு இந்தக் கணக்கு பொருந்தாது என்பதையும் அவரே சொன்னார்.

எழுத்தாளரின் மகள் காவேரிப்பட்டணத்தில் இருக்கிறார் என்று விசாரித்துத் தெரிந்துகொண்டு அடுத்த சனிக்கிழமை போனேன். ஓய்வுபெற்ற தலைமையாசிரியை. வாசலில் நின்று விஷயத்தைச் சொல்ல ஆரம்பித்ததும், "முதல்ல உள்ள வாம்மா, வெயில்ல வந்திருக்க" என்று மோர் கொடுத்தார். நோட்டீஸ் அவருக்குப் புதுச் செய்தி. தன் அப்பாவின் கதை பாடத்தில் இருக்கிறது என்பதே அவருக்கு யாரும் சொல்லவில்லை.

கட்டிலுக்கு அடியிலிருந்து ஒரு தகரப் பெட்டியை இழுத்தார். கைப்பிரதிகள், வாசகர் கடிதங்கள், மின்கட்டண ரசீதுகள் எல்லாம் சேலைத் துணியில் சுற்றி வைத்திருந்தார். ஒவ்வொன்றாகப் பிரித்துப் பிரித்து ஒரு மணி நேரம் தேடினோம். கடைசியில் ஒரு முழுத்தாள் கிடைத்தது, நாலாக மடித்தது. மடிப்பு விழுந்த இடங்களில் தாள் கிழிந்து, பின்னால் யாரோ செலோ டேப் ஒட்டி, அந்த டேப்பும் பழுத்துப் போயிருந்தது. தட்டச்சில் பதினொரு வரி. இரண்டாம் பதிப்பு, 1,200 பிரதிகள், விலையில் பத்து சதவீதம் எழுத்தாளருக்கு. தேதி 1998. கீழே ஒரு ரூபாய் வருவாய் முத்திரை, அதன் மேல் பச்சை மையில் கையெழுத்து. காலத்தைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. அவர் பச்சைப் பேனாவில்தான் எழுதுவார் என்று அந்த அம்மா அந்தக் கையெழுத்தை விரலால் தடவிக்கொண்டே இருந்தார். எனக்குத் தொண்டை அடைத்தது. 2003ஓடு முடிந்துபோன உரிமையை வைத்துக்கொண்டு என்னைச் சிறைக்கு அனுப்புவதாக எழுதியிருக்கிறார்கள்.

எழுத்தாளர் இறந்தது 2009. அடுத்த வருடத் தொடக்கத்திலிருந்து 60 ஆண்டு, அதாவது 2069 முடியும் வரை உரிமை வாரிசுகளுடையது. இந்த மகள்தான் ஒரே வாரிசு. அங்கேயே அனுமதிக் கடிதம் எழுதிக் கொடுத்தார். பணம் வேண்டாம் என்றார். வீடியோவில் அப்பாவின் பெயரையும் சொந்த ஊரையும் சரியாகச் சொல்ல வேண்டும், அவ்வளவுதான் கேட்டார்.

வக்கீல் பதில் நோட்டீஸ் அனுப்பிய பத்தாம் நாள் பதிப்பகம் புகாரைத் திரும்பப் பெறச் சம்மதித்தது. அதோடு முடிந்ததா? இல்லை. எந்த மின்னஞ்சலிலிருந்து புகார் கொடுத்தார்களோ அதே மின்னஞ்சலிலிருந்துதான் திரும்பப் பெற வேண்டும். புகார் கொடுத்த பையன் வேலையை விட்டுப் போய்விட்டானாம், பாஸ்வேர்டு தெரியாதாம். அதற்கு இன்னும் 12 நாள். தினமும் காலை பத்து மணிக்கு நானே போன் போட்டு ஞாபகப்படுத்தினேன்.

இப்போது என்ன செய்கிறேன் என்றால், கதைகளின் ஸ்கேனைக் கல்லூரி மின்னஞ்சலில் உள்ள மாணவர்கள் மட்டும் திறக்கும்படி வைத்திருக்கிறேன். மூன்று கதை மட்டும்தான். முன்னுரையை எடுத்துவிட்டேன், அது இன்னொரு பேராசிரியர் எழுதியது, அவருடைய உரிமை தனி. அட்டை ஓவியமும் அப்படித்தான். டெலிகிராம் குழுவை மூடிவிட்டுப் புதிதாக 64 பேரோடு தொடங்கினேன். வீடியோவில் பின்னணியில் சினிமாப் பாட்டு வைப்பதையும் விட்டுவிட்டேன். அதற்குப் பெரும்பாலும் ஸ்ட்ரைக் வராது, கிளெய்ம்தான் (பாட்டின் உரிமையாளர் அந்த வீடியோ மேல் உரிமை கோருவது) வரும், இரண்டும் வேறு வேறு. ஆனாலும் எதற்கு வம்பு.

பாரதியைப் பற்றி யாரும் பயப்பட வேண்டாம், அவர் எழுத்து நாட்டுடைமை. நாட்டுடைமையான பலரின் நூல்கள் தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்திலேயே கிடைக்கின்றன. உ.வே.சா. 1942இல் காலமானார், அவர் பதிப்புகள் மேல் இருந்த உரிமை 2002ஓடு முடிந்தது. ஆனால் குறுந்தொகைக்கு இப்போது இருக்கும் ஒருவர் எழுதிய உரையை அப்படியே ஸ்கேன் செய்தால், மூலம் பொதுச்சொத்து, உரை அவருடையது. தமிழ் ஆசிரியர்கள் நாம் அதிகம் வழுக்குவது இந்த இடத்தில்தான்.

அனுமதிக் கடிதம் வாங்கும்போது நான் எழுதி வாங்கியது இது: கதைகளின் பெயர், எந்தப் படிப்புக்கு, எத்தனை வருடத்துக்கு, தாளில் நகல் எடுக்கவும், மாணவர்களுக்கு மட்டுமான இணையப் பக்கத்தில் வைக்கவும், வாசித்துப் பதிவு செய்து யூடியூபில் பொதுவில் வைக்கவும் சம்மதம் என்று மூன்றையும் தனித்தனியாக, கடிதம் எழுதிக் கொடுப்பவர் எழுத்தாளருக்கு என்ன உறவு, வேறு வாரிசு உண்டா என்பது, தேதி, கையெழுத்து. வாரிசுச் சான்றிதழ் நகலையும் கூடவே வாங்கிக்கொண்டேன். அலுவலகத்துக்கு நகலைத்தான் கொடுத்தேன், அசல் என் வீட்டு பீரோவில் இருக்கிறது. அடுத்த பருவத்துக்கு இரண்டு கவிஞர்கள் பாடத்தில் இருக்கிறார்கள். இருவருக்கும் நேற்றே கடிதம் போட்டுவிட்டேன்.