தாத்தாவின் செபமாலையோடு நியூ ஹேவனுக்கு

கடந்த ஆகஸ்ட் 13 அன்று அமெரிக்காவின் நியூ ஹேவன் நகரில் இருக்கும் புனித மரியா ஆலயத்துக்குப் போய் வந்தோம். கொலம்பஸ் வீரர்கள் என்ற கத்தோலிக்க ஆண்கள் சபையைத் தொடங்கிய குரு, அருளாளர் மைக்கேல் மெக்கிவ்னியின் திருநாள் அது. புனிதர் பட்டத்துக்கு முந்தைய படியான அருளாளர் பட்டத்தை அவருக்குக் கொடுத்ததிலிருந்து தாத்தா ஒரு வருடம்கூடத் தவறாமல் போய்க்கொண்டிருந்தார். பிப்ரவரியில் இறந்துவிட்டார். இந்த முறை பாட்டியும் நானும் என் மகளும் போனோம். அவருடைய செபமாலை பாட்டியின் கைப்பையில் இருந்தது.

தாத்தா என்று சொல்கிறேனே தவிர, உறவு ஒன்றும் இல்லை. எங்கள் பங்குக் கோயிலைச் சேர்ந்த அமெரிக்கர். அந்தக் கொலம்பஸ் வீரர்கள் சபையில் 40 வருடத்துக்கு மேல் இருந்தவர். இந்த ஊருக்கு நாங்கள் வந்த முதல் குளிர்காலத்தில், மெல்லிய ஸ்வெட்டர் போட்டு நின்ற என் மகளைப் பார்த்துவிட்டு, ஒரு வார்த்தை பேசாமல் கார் டிக்கியைத் திறந்தார். உள்ளே முழுக்கக் குழந்தைகளுக்கான குளிர் கோட்டுகள். சபையார் வருடாவருடம் கொடுப்பது. ஒவ்வொன்றாக எடுத்து அவள் தோளில் வைத்து அளவு பார்த்து, கடைசியில் ஒரு சிவப்புக் கோட்டைப் போட்டு ஜிப்பைக் கழுத்துவரை இழுத்துவிட்டார். அன்றிலிருந்து அவளுக்கு அவர் தாத்தா.

ஹில்ஹவுஸ் அவென்யூவில், யேல் பல்கலைக்கழகக் கட்டடங்களுக்கு நடுவே நிற்கிறது ஆலயம். கருங்கல் சுவர். இதன் அடித்தளத்தில்தான் 1881 அக்டோபரில் உதவிப் பங்குத்தந்தை மெக்கிவ்னி சில ஆண்களைக் கூட்டிப் பேசினார். அப்படித் தொடங்கிய கொலம்பஸ் வீரர்கள் சபை 1882 மார்ச் 29 அன்று சட்டப்படி பதிவானது. அப்போது அவருக்கு 30 வயதுகூட ஆகவில்லை.

அவர் ஏன் அதைத் தொடங்கினார் என்பதுதான் எனக்கு முக்கியம். குருமாணவராக இருந்தபோது, 1873-இல் அவருடைய அப்பா இறந்தார். வீட்டுக்கு மூத்த மகன் அவர். சம்பாதிக்கிறவர் போய்விட்டால் ஒரு குடும்பம் என்ன பாடுபடும் என்று தெரிந்தவர். பங்கில் தொழிற்சாலை வேலையாட்கள் அடுத்தடுத்து இறந்து, மனைவியும் பிள்ளைகளும் நிராதரவாக நின்றபோது அவரால் சும்மா இருக்க முடியவில்லை. ஒருவர் இறந்தால் மற்ற எல்லாரும் சேர்ந்து அந்தக் குடும்பத்தைத் தாங்க வேண்டும். சபையின் காப்பீடு பிறந்தது இதற்காகத்தான். அவரும் 1890-இல், 38 வயதிலேயே இறந்துவிட்டார்.

இதையெல்லாம் தாத்தா எத்தனையோ முறை சொல்லியிருக்கிறார். அவர் இறந்தபோதுதான் கண்ணால் பார்த்தேன். கருநீலக் கோட்டும் கறுப்புத் தொப்பியுமாகச் சபைச் சகோதரர்கள் பெட்டியின் இரு பக்கமும் மாறி மாறிக் காவல் நின்றார்கள். எல்லாருமாகச் செபமாலை சொன்னார்கள். அடக்கம் முடிந்த வாரம் ஒருவர் வந்து பாட்டி வீட்டு வாசலில் பனியை அள்ளிப்போட்டார். இன்னொருவர் காப்பீட்டுத் தாள்களைச் சமையலறை மேசையில் விரித்து வரிவரியாக விளக்கினார். மூன்றாவது முறையாகப் பாட்டி அதே கேள்வியைக் கேட்டபோதும் முதல்முறை போலவே பதில் சொன்னார். மெக்கிவ்னியை நான் புரிந்துகொண்டது அந்த மேசையில்தான்.

திருப்பலி முடிந்ததும் ஆலயத்தின் பின்பகுதியில் இருக்கும் அவருடைய கல்லறைக்குப் போனோம். வாட்டர்பரியில் அடக்கம் செய்திருந்த உடலை, சபையின் நூற்றாண்டான 1982-இல் இங்கே கொண்டுவந்தார்கள். பாட்டி இரண்டு கைகளையும் கல்லின்மேல் ஊன்றிக் கொஞ்ச நேரம் அப்படியே நின்றார். பிறகு பையிலிருந்து செபமாலையை எடுத்து வைத்தார்.

கறுப்பு மணிகளுக்கு நடுவே ஒரே ஒரு நீல மணி. என் மகளுக்கு நான்கு வயது இருக்கும்போது, பூசை நேரத்தில் அதை இழுத்து அறுத்துவிட்டாள். ஒரு மணி பெஞ்சுக்கு அடியில் உருண்டு போனது, தேடியும் கிடைக்கவில்லை. நான் கூனிக்குறுகிப் போனேன். தாத்தா அவளுடைய பிளாஸ்டிக் வளையலிலிருந்து ஒரு மணியைக் கேட்டு வாங்கிக் கோத்துக்கொண்டார். சாகும்வரை அதை மாற்றவில்லை.

பாட்டி செபமாலையை என் மகள் கையில் கொடுத்து, அந்த நீல மணி இருக்கிற பத்து மணிகளை நீயே சொல்லு, அவருக்குப் பிடிக்குமே, தமிழிலேயே சொல்லு என்றார். அவள் முழங்காலிட்டு "அருள் நிறைந்த மரியே வாழ்க" என்று தொடங்கினாள். பாட்டி கண்ணை மூடிக்கொண்டு மறுபாதியை ஆங்கிலத்தில் சொன்னார்.