பொன்னியின் அரிப்புக்குக் காரணம் தேடிய ஏழு மாதங்கள்

பொன்னி எங்கள் வீட்டு லாப்ரடார். மூன்று வயது, 28 கிலோ. போன செப்டம்பரில் சொறிய ஆரம்பித்தவள் இந்த ஏப்ரலில்தான் ஓர் இரவு முழுக்கத் தூங்கினாள். நடுவில் நாங்கள் செய்த தவறுகளையும் கடைசியில் பலன் தந்த வழியையும் எழுதி வைக்கிறேன். அரிப்போடு தவிக்கும் நாயை வைத்திருப்பவர்களுக்கு இதனால் ஒரு மாதமாவது மிச்சமானால் போதும்.

சென்னையில் ஆவடிப் பக்கம் எங்கள் வீடு. தெருக்கோடியில் பாதி கட்டி நின்றுபோன ஒரு வீட்டின் மணல் குவியலில் தெருநாய் ஒன்று நான்கு குட்டி போட்டிருந்தது. சாயங்காலம் நடக்கக் கூட்டிப்போனால் பொன்னி நேராக அங்கேதான் போவாள். குட்டிகளின் காது ஓரத்தில் முடி இல்லாததை நானும் பார்த்தேன். சாப்பாடு போதாமல் அப்படி இருக்கிறது என்று நினைத்து, பால் கொண்டுபோய் வைத்தேனே தவிர வேறு எதுவும் தோன்றவில்லை.

முதலில் காதைச் சொறிந்தாள். அப்புறம் அடிவயிறு. அத்தை வேப்பெண்ணெயில் மஞ்சளைக் குழைத்துத் தடவினார்கள். அவர்கள் ஊரில் மாட்டுக்கும் நாய்க்கும் அதுதான் வழக்கம். பொன்னி அதை நக்கி நக்கி இரண்டு முறை வாந்தி எடுத்ததும் நிறுத்திவிட்டோம். நான் என் பங்குக்கு ஒருநாள் விட்டு ஒருநாள் எங்கள் சோப்பையே போட்டுக் குளிப்பாட்டினேன். மனிதத் தோலுக்கான சோப்பு நாய்த் தோலுக்கு ஒத்துவராது, இருக்கும் எண்ணெய்ப் பசையையும் எடுத்துவிடும் என்று அப்போது தெரியாது. தோல் வறண்டு செதில் செதிலாக உரிந்தது. வண்டிப் பட்டறையிலிருந்து கழிவு ஆயில் வாங்கிப் பூசச் சொன்னார் தெருவில் ஒருவர். நல்லவேளை அதைச் செய்யவில்லை. தயவுசெய்து யாரும் செய்யாதீர்கள். அது தோல் வழியாக உள்ளே போகும், நக்கினால் வயிற்றுக்குள்ளும் போகும்.

முதலில் போன கிளினிக்கில் பொன்னியை மேசையில் ஏற்றி ஒரு பார்வை பார்த்தார்கள். அலர்ஜி என்று சொல்லி ஊசி போட்டார்கள். மறுநாள் அவள் சொறியவே இல்லை. வீட்டில் அவ்வளவு சந்தோஷம். பத்து நாளில் திரும்ப வந்தது. இன்னொரு ஊசி. அப்புறம் மூன்றாவது. அந்த நாட்களில் அவள் தண்ணீர்க் கிண்ணத்தை மூன்று மடங்கு காலி செய்தாள், எந்நேரமும் பசி என்றாள், ராத்திரி ஹாலிலேயே சிறுநீர் கழித்தாள். ஒருநாளும் வீட்டுக்குள் அப்படிச் செய்யாதவள். அவளைத் திட்டியும் விட்டேன். அதை நினைத்தால் இப்போதும் மனசு வலிக்கிறது. அது ஸ்டீராய்டு ஊசி, அவை அதன் பக்கவிளைவுகள் என்று பின்னால்தான் புரிந்தது. ஸ்டீராய்டு கெட்ட மருந்து இல்லை. இடம் பார்த்துக் கொடுத்தால் உயிரைக்கூடக் காப்பாற்றும். ஆனால் காரணத்தைத் தேடாமல் அரிப்பை மட்டும் அடக்கினால் உள்ளே இருப்பது வளர்ந்துகொண்டே போகும். என்ன ஊசி என்று அன்றைக்கே நான் கேட்டிருக்க வேண்டும்.

அக்டோபர் முடிவில் பொன்னியின் காது ஓரங்களிலும் முழங்கையிலும் முடி கொட்டி, தோல் தடித்துப் பொருக்கு தட்டியது. அதே நேரத்தில் என் முன்கையிலும் இடுப்பிலும் சிவப்பாகச் சிறு சிறு கட்டிகள். பையனுக்கும் வயிற்றில் அப்படியே. தோல் டாக்டரிடம் போனோம். அவர் கேட்ட முதல் கேள்வி, "வீட்ல நாய் இருக்கா? அதுக்கும் அரிப்பா?"

அந்தக் கேள்விதான் எங்களை வேறொரு கால்நடை மருத்துவரிடம் கொண்டுபோனது. அந்த அம்மா ஊசியை எடுக்கவே இல்லை. அரை மணி நேரம் கேள்விதான் கேட்டார். முதலில் வந்தது அரிப்பா, தடிப்பா? போன வருஷமும் இதே மாதத்தில் வந்ததா? வீட்டில் வேறு யாருக்கு அரிக்கிறது? என்ன சாப்பாடு? எந்த நாயோடு விளையாடுகிறாள்? எந்த இடத்தைச் சொறிகிறாள்? கடைசிக் கேள்விக்கு இவ்வளவு எடை இருக்கும் என்று நான் நினைக்கவில்லை. வால் தொடங்கும் இடத்திலும் இடுப்பின் மேலும் கடித்தால் பெரும்பாலும் தெள்ளுப்பூச்சி. காது ஓரம், முழங்கை, அடிவயிறு என்றால் சொறிப்பூச்சி. பாதம், அக்குள், முகம், காதின் உட்பக்கம் என்றால் ஒவ்வாமை. இதை வைத்தே முடிவு கட்டிவிட முடியாது, தேட வேண்டிய திசை தெரியும் என்றார்.

வீட்டுக்கு வந்ததும் செய்துபார்க்க ஒரு சோதனையும் சொல்லித் தந்தார். பொடிச் சீப்பால் முதுகை வாரி, உதிரும் கறுப்புத் தூளை ஈரமான வெள்ளைத் தாளில் தட்ட வேண்டும். தூளைச் சுற்றிச் செம்பழுப்பாகக் கறை ஊறினால் அது தெள்ளுப்பூச்சியின் எச்சம், அதாவது செரித்த ரத்தம். ஒரு தெள்ளுகூடக் கண்ணில் படாத நாயிலும் இது காட்டிக்கொடுத்துவிடும். பொன்னிக்குக் கறை வரவில்லை.

பிறகு அவர் பொன்னியின் காது மடலின் ஓரத்தை விரலுக்கிடையில் வைத்து லேசாகத் தேய்த்தார். உடனே அவளுடைய பின்னங்கால் காற்றிலேயே சொறிய ஆரம்பித்தது. சொறிப்பூச்சி இருந்தால் பல நாய்கள் இப்படிச் செய்யுமாம். பிளேடால் தோலைச் சுரண்டி, எண்ணெய் விட்டு மைக்ராஸ்கோப்பில் பார்த்தார். ஒன்றும் இல்லை. எனக்குச் சப்பென்று ஆகிவிட்டது. இந்தப் பூச்சி தோலுக்குள் சுரங்கம் தோண்டி இருக்கும், சுரண்டலில் பல நேரம் சிக்காது, அதனால் இல்லை என்று வந்தாலும் இல்லை என்று அர்த்தமாகாது என்று விளக்கினார். எங்களுக்கும் அரிப்பு, காது ஓரம், தெருக்குட்டிகள் எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்தால் சிகிச்சை கொடுத்துப் பார்ப்பதே சரி என்றார். இதே சொறி என்று நாம் சொல்லும் இன்னொன்று உண்டு, டெமோடெக்ஸ். அது முடிக்கால்களுக்குள் வாழும் பூச்சி. எதிர்ப்புச் சக்தி குறைந்த நாயில் பெருகும், மனிதர்களுக்கு ஒட்டாது. எங்களுக்கும் ஒட்டியதே, பொன்னிக்கு வந்தது டெமோடெக்ஸ் அல்ல என்பதற்குச் சாட்சி.

கொடுத்த மருந்து அஃபாக்ஸோலானர் மாத்திரை, மாதம் ஒன்று. ஐவர்மெக்டின் ஊசி மலிவாயிற்றே என்று கேட்டேன். கோலி போன்ற மேய்ச்சல் இன நாய்கள் சிலவற்றுக்கு ஒரு மரபணு மாற்றம் இருக்கும், அவற்றுக்கு அந்த மருந்து மூளைக்குள் போய் உயிருக்கே ஆபத்தாகும், கலப்பினத்தில் யாருக்கு அது இருக்கிறதென்று பார்த்துச் சொல்ல முடியாது என்றார். கடையில் கேட்டு வாங்கிப் போடுகிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். எங்களுக்குத் தனியாக மருந்து தேவைப்படவில்லை. நாயின் சொறிப்பூச்சி மனிதத் தோலில் குடும்பம் நடத்த முடியாது. நாய் குணமானால் நமக்கும் அடங்கிவிடும். பொன்னியின் விரிப்புகளையெல்லாம் வெந்நீரில் துவைத்து மொட்டை மாடி வெயிலில் போட்டோம்.

தெருக்குட்டிகளுக்கும் கொடுக்காமல் இதை நிறுத்த முடியாது என்று மருத்துவர் கண்டிப்பாகச் சொன்னார். எட்டு வாரம் தாண்டிய குட்டிகளுக்கு மாத்திரை கொடுக்கலாம், ஆனால் எடை தெரிய வேண்டும். மளிகைக் கடை அண்ணன் முகம் சுளிக்காமல் தராசைத் தந்தார். துணிப்பைக்குள் ஒவ்வொன்றாக வைத்து நிறுத்தோம். தாய்நாய்க்குக் கோழித் துண்டில் வைத்துக் கொடுத்தேன். பக்கத்து வீட்டு அக்கா இரண்டு குட்டிகளின் செலவை ஏற்றுக்கொண்டார்கள்.

தினமும் ராத்திரி அரிப்புக்கு 0 முதல் 10 வரை மதிப்பெண் போடச் சொல்லியிருந்தார் மருத்துவர். சொறிவது, நக்குவது, கடிப்பது, தரையில் தேய்ப்பது எல்லாம் சேர்த்து. முதல் நாள் 9. நான்கு வாரத்தில் 5. காதில் பூனைமுடி போல முடி முளைத்தது. என் கையும் ஆறிவிட்டது. ஆனால் 5க்குக் கீழே எண் இறங்கவில்லை.

டிசம்பர் மழையில் பாதத்தை நக்க ஆரம்பித்தாள். விரலிடுக்கு முடி துருப்பிடித்தது போல ஆனது, காதிலிருந்து புளித்த மாவு வாடை. மருத்துவர் விரலிடுக்கில் செலோடேப்பை ஒட்டி எடுத்து, சாயம் போட்டு, என்னையும் பார்க்கச் சொன்னார். நிலக்கடலை வடிவத்தில் கூட்டம் கூட்டமாக இருந்தன. மலசீசியா என்ற ஈஸ்ட். நல்ல தோலிலும் கொஞ்சம் இருப்பதுதான். ஈரமும் வீக்கமும் சேர்ந்தால் பெருகிவிடும். காதுக்குச் சொட்டு மருந்தும், குளோர்ஹெக்சிடினும் மைக்கோனசோலும் சேர்ந்த ஷாம்பூவும் கொடுத்தார். வாரம் இரண்டு முறை. நுரை போட்டபின் பத்து நிமிடம் அப்படியே விட வேண்டும் என்பதுதான் முக்கியம். உடனே கழுவினால் மருந்து வேலை செய்யாது. நனைந்த லாப்ரடாரைப் பத்து நிமிடம் பிடித்து நிறுத்துவது லேசான காரியமில்லை. பையன் கடிகாரத்தோடு நின்று ஒவ்வொரு நிமிடமும் சத்தமாகச் சொல்வான். பிறகு விரலிடுக்கு வரை துவட்ட வேண்டும். மூன்று வாரத்தில் வாடை போனது. நோட்டில் 4.

ஈஸ்ட் ஏன் வந்தது என்ற கேள்வி மிச்சம். தெரிந்தவர்கள் எல்லாரும் ஒரே குரலில் சொன்னது, "கோழியை நிறுத்துங்க." மருத்துவர் அப்படி ஊகத்தில் நிறுத்த வேண்டாம் என்றார். உணவு ஒவ்வாமைக்கான ரத்தப் பரிசோதனையையும் நம்ப முடியாது. இதுவரை சாப்பிடாத ஒரு புரதம், ஒரு மாவுச்சத்து, எட்டு வாரம், வேறு எதுவும் வாயில் படக்கூடாது. அது ஒன்றுதான் வழி. பொன்னி கோழி, முட்டை, பால், பிஸ்கெட், தயிர்சாதம் எல்லாம் தின்று வளர்ந்தவள். மீன் கொடுத்ததில்லை. அதனால் முள் எடுத்த மத்தி மீனும் அவித்த சர்க்கரைவள்ளிக் கிழங்கும்.

சமைப்பது கஷ்டமில்லை. ஆறு வருஷமாகக் காலைக் காபியோடு நாய்க்கும் பிஸ்கெட் போட்டுப் பழகிய அத்தையின் கையைத் தடுப்பதுதான் கஷ்டமாக இருந்தது. பொன்னிக்கு முன்னால் இருந்த மணிக்கும் அவர்கள்தான் போட்டார்கள். "ஒரு பிஸ்கெட்தானேம்மா, வாயில்லாத ஜீவன் எம் மூஞ்சியையே பாக்குது" என்பார்கள். பத்தாம் நாள் ஒன்று கொடுத்தும்விட்டார்கள். நான் கோபப்படவில்லை. நோட்டைக் கொண்டுவந்து காட்டி, ஒரு பிஸ்கெட்டால் பத்து நாளும் வீண், திரும்ப ஒன்றிலிருந்து எண்ண வேண்டும் என்று உட்கார்ந்து சொன்னேன். அதற்குப் பிறகு அத்தைதான் காவல். வேலைக்கு வரும் அக்காவையும் கேஸ் போட வரும் தம்பியையும் வாசலிலேயே எச்சரித்துவிடுவார்கள். காலண்டரில் நாளைக் கிழித்ததும் எண்ணைப் பெரிதாக எழுதி வைப்பார்கள். மெல்லும் மாத்திரையில் இறைச்சி வாசனை சேர்ந்திருப்பதால் அந்த வாரங்களுக்கு முதுகில் விடும் சொட்டு மருந்துக்கு மாறினோம். அதற்கு முன்னும் பின்னும் இரண்டு நாள் குளியல் இல்லை.

எட்டு வாரம் முடிந்தபோதும் 4தான். மறுபடி கோழி கொடுத்து இரண்டு வாரம் கவனித்தோம். அப்போதும் 4. கோழிக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. எனக்கு அழுகையே வந்தது, இவ்வளவும் எதற்கு என்று. ஆனால் இந்தச் சோதனை செய்யாமல் இருந்திருந்தால் அவளுக்குப் பிடித்ததை ஆயுசுக்கும் காரணமில்லாமல் மறுத்துக்கொண்டிருப்போம்.

பூச்சி இல்லை, தொற்று இல்லை, உணவு இல்லை. எல்லாம் விலகியபின் மிஞ்சியதுதான் அட்டோப்பி, சுற்றுப்புற ஒவ்வாமை. பெரும்பாலும் ஆறு மாதத்திலிருந்து மூன்று வயதுக்குள் தொடங்கும். வீட்டுத் தூசியில் வாழும் நுண்பூச்சி, மகரந்தம், பூஞ்சை எதுவாகவும் இருக்கலாம். அடியோடு தீராது, அடக்கி வைக்கலாம். ரத்தம் பரிசோதித்துவிட்டு, அரிப்பை அடக்கும் ஓக்ளாசிட்டினிப் மாத்திரை எழுதினார். முதல் 14 நாள் இரண்டு வேளை, பிறகு ஒரு வேளை. ஒரு வயதுக்குக் கீழே கொடுக்கக் கூடாது. இதுவும் அந்த ஊசி மாதிரிதானா என்று பயந்து கேட்டேன். "அப்போ உள்ள என்ன இருந்துதுன்னு தெரியாம அடக்கினாங்க. இப்போ நமக்குத் தெரியும்" என்றார்.

முதல் மாத்திரை கொடுத்த அன்று ராத்திரியே பொன்னி என் கட்டிலுக்குக் கீழே அசையாமல் தூங்கினாள். பயந்துபோய் எழுந்து மூச்சு வருகிறதா என்று கை வைத்துப் பார்த்தேன்.

குளியல் இப்போது வாரம் ஒன்று. அவள் படுக்கைத் துணியை வாரம் ஒருமுறை வெந்நீரில் போடுகிறேன், நடந்துவிட்டு வந்ததும் பாதத்தைக் கழுவித் துடைக்கிறேன். மாதாமாதம் பூச்சி மாத்திரை தவறுவதில்லை. நான்கு குட்டிகளில் இரண்டைத் தத்து எடுத்துப்போய்விட்டார்கள். மிச்சம் இரண்டும் வாசலுக்கு வந்து நிற்கின்றன, காது நிறைய முடியோடு. மழைக்காலத்தில் எண் ஏறும், அப்போது குளியலைக் கூட்டச் சொல்லியிருக்கிறார் மருத்துவர். ஷாம்பூ இரண்டு பாட்டில் வாங்கி வைத்திருக்கிறேன். நேற்று ராத்திரி அத்தைதான் நோட்டை எடுத்து எழுதினார்கள்: 2.