பாபநாசத்துக்கு ஒரு டிக்கெட்

திக்குவாய்க்கு மாத்திரை கிடையாது, பயிற்சிதான் என்று தஞ்சாவூரில் நாங்கள் பார்த்த பேச்சுப் பயிற்சியாளர் முதல் நாளே சொல்லிவிட்டார். என் மகன் அப்போது ஒன்பதாம் வகுப்பு. அதற்குள் ஊரில் ஆளுக்கொரு வைத்தியம் சொல்லியிருந்தார்கள்: நாக்கில் வசம்பு, கூத்தனூர் சரஸ்வதிக்கு வேண்டுதல், வாயில் கூழாங்கல். வேண்டுதலைச் செலுத்தினோம். கூழாங்கல்லுக்கு மட்டும் நான் சம்மதிக்கவில்லை. தொண்டையில் அடைத்துக்கொண்டால் யார் பொறுப்பு?

அவனைப் படிக்கவும் கதை சொல்லவும் வைத்துப் பதிவு செய்தார்கள். எங்கே அடைக்கிறது, எங்கே ஒலி நீள்கிறது, எங்கே திரும்பத் திரும்ப வருகிறது என்று குறித்துக்கொண்டார்கள். பிறகு, எந்தச் சொற்களைச் சொல்லாமல் தவிர்க்கிறாய் என்று கேட்டார் பயிற்சியாளர். சதுரங்க வகுப்பு முடிந்து தஞ்சாவூரிலிருந்து திரும்பும்போதெல்லாம் அவன் கும்பகோணத்துக்கு டிக்கெட் எடுத்துவிட்டு, நடுவழியில் எங்கள் ஊரான பாபநாசத்தில் இறங்கிக்கொண்டிருந்தான். ‘பா’ வராது. பெற்ற தாய்க்கே அது அன்றுதான் தெரிந்தது.

பயிற்சி, சொற்களை நீட்டி மிக மெதுவாகப் படிப்பதில் தொடங்கியது. உதடுகளை அழுத்தாமல் பட்டும் படாமலும் சேர்த்து ‘ப’வைத் தொடங்கவும், சொல் சிக்கிக்கொண்டால் முட்டி மோதாமல் இறுக்கத்தைத் தளர்த்தி அந்த ஒலியிலிருந்து வழுக்கி வெளியே வரவும் பழகினான். கொஞ்சம் கொஞ்சமாக வேகம் கூட்டினார்கள். அறைக்குள் நன்றாகப் பேசுவான், வாசலைத் தாண்டினால் பழையபடி திக்குவான். ஆகவே படிப்படியாக ஆட்களை மாற்றினோம். முதலில் நான், பிறகு அப்பாயி, பிறகு மளிகைக் கடைக்காரர். கடையில் வேண்டுமென்றே திக்கிப் பேசச் சொன்னபோது எனக்குக் கோபமே வந்தது. ஆனால் மறைக்க மறைக்கத்தான் பயமும் இறுக்கமும் கூடுகின்றன என்பதைப் போகப் போகப் புரிந்துகொண்டேன். தானே திக்கிக் காட்டிய பிறகு கடைக்குப் போக அவன் தயங்கவில்லை.

ஆறு வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளுக்கு வழி வேறு. ஆஸ்திரேலியாவின் சிட்னியில் உருவான லிட்கோம் முறையில் தாயோ தந்தையோதான் வீட்டில் தினமும் பயிற்சி தருகிறார்கள். தடையில்லாமல் பேசியதைப் பாராட்டுவதும், அன்றைய திக்கலுக்கு மதிப்பெண் குறிப்பதும் அதன் அடிப்படை. சின்னப் பிள்ளை வைத்திருப்பவர்கள் தாமதிக்க வேண்டாம். 2013-இல் தொடங்கிய அரசுத் திட்டத்தின் கீழ் நடக்கும் மாவட்ட ஆரம்பநிலை இடையீட்டு மையங்களில் 18 வயது வரை கட்டணம் இல்லை.

வீட்டில்தான் பெரும்பாடு. அவன் முடிக்குமுன் சொல்லை எடுத்துக்கொடுப்பது அப்பாயிக்கு அன்பு. அவன் வாயையே பார்க்காமல், முகத்தைப் பார்த்துக் காத்திருக்கும்படி அவரிடம் எத்தனை முறை கெஞ்சியிருப்பேன்! வகுப்பாசிரியரையும் பார்த்துப் பேசினேன். வாய்விட்டுப் படிக்கும்போது கூடுதல் நேரம் தர உடனே ஒப்புக்கொண்டார்.

ஒரு மாலை, பாபநாசத்துக்கான டிக்கெட்டை என் கையில் கொடுத்தான். கொஞ்சம் திக்கியதாம், நடத்துநர் காத்திருந்தாராம். தேர்வு நெருங்கியதும் திக்கல் மறுபடி கூடியது. இப்படி ஏறி இறங்குவது இயல்புதான் என்றார் பயிற்சியாளர். இப்போது அறிவியல் பாடத்தை வைத்து, நீட்டிப் படிக்கும் பயிற்சியை முதலிலிருந்து செய்துகொண்டிருக்கிறோம்.