நான் அதுல விழுந்திருக்கேனா?

"அக்கா, நான் அதுல விழுந்திருக்கேனா?"

முக்காலியை மடக்கிக்கொண்டிருந்தேன். மின்னல் எச்சரிக்கை வந்துவிட்டது. கேட் 1, அதாவது கேட்டகரி 1 எச்சரிக்கை என்றால் வெளியில் யாரும் நிற்கக்கூடாது, எல்லாரும் படியிறங்கிக்கொண்டிருந்தார்கள். அந்தத் தம்பி மட்டும் இறங்காமல் என் பக்கத்தில் வந்து நின்றார். படத்தில் விழுந்திருக்கேனா என்றுதான் கேட்டார். தமிழில் அப்படித்தானே கேட்போம். ஆனால் மூன்றாம் மாடியின் திறந்த விளிம்பில் நின்றபடி ஒருவர் அந்தச் சொல்லைச் சொன்னது இன்னும் என் காதை விட்டுப் போகவில்லை.

"தெரியலப்பா, தைச்சுப் பார்த்தாத்தான் தெரியும்" என்றேன். அது பொய். எனக்குத் தெரியும். மூன்றாவது திசையில் கேமராவைத் திருப்பியபோதே திரையில் பார்த்துவிட்டேன்.

அவர் கொஞ்சம் யோசித்தார். "ஹூக் மாட்டுன மாதிரி இருக்கறதையே வைங்கக்கா. இல்லேன்னா என் பெர்மிட்ட கட் பண்ணிருவாங்க."

"சரி" என்றேன்.

அந்தச் சரியைப் பற்றித்தான் எழுதுகிறேன்.

இந்த வேலை தெரியாதவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். சிங்கப்பூரில் துவாஸ் பக்கம் எழும்பிக்கொண்டிருந்த அந்தக் கிடங்குக்கு மாதம் ஒருமுறை போய் மாடிக்கு மாடி 360 டிகிரிப் படம் எடுத்துக் கொடுப்பது என் வேலை. ஒரே கிளிக்கில் சுற்றிலும் எடுக்கும் சின்ன கேமராக்கள் இருக்கின்றன. ஆனால் போல்ட்டின் தலை வரைக்கும் பெரிதாக்கிப் பார்க்க வேண்டும் என்பவர்களுக்கு அது போதாது. அதனால் 15 மில்லிமீட்டர் ஃபிஷ்ஐ லென்ஸ், கேமரா நெட்டுக்குத்தாக. 60 டிகிரிக்கு ஒன்றாக ஆறு திசை, மேலே ஒன்று, தரைக்கு ஒன்று. விளிம்புக்கு வெளியே வெயில் கண்ணைப் பறிக்கும், உள்ளே இருட்டு. ஒவ்வொரு திசைக்கும் மூன்று வெளிச்ச அளவு வேண்டும். ஆக 24 படம். இவற்றைக் கணினியில் ஒரே படமாகச் சேர்ப்பதைத்தான் தைப்பது என்கிறோம். கேமரா உட்காரும் பனோரமா ஹெட்டில் லென்ஸின் நோடல் பாயிண்ட் என்று நாங்கள் சொல்லும் புள்ளி, சுழலும் அச்சுக்கு நேர் மேலே இருக்க வேண்டும். கொஞ்சம் தள்ளியிருந்தாலும் பக்கத்துக் கம்பியும் தூரத்துத் தூணும் ஒன்றைவிட்டு ஒன்று நகர்ந்து, தைத்த படத்தில் கம்பி ஒடிந்த மாதிரி நிற்கும். விரலை முகத்துக்கு நேரே நீட்டி இடக்கண்ணையும் வலக்கண்ணையும் மாற்றி மாற்றி மூடினால் விரல் தாவுமே, அதே தாவல்தான். எக்ஸ்போஷர், ஒயிட் பேலன்ஸ், ஃபோகஸ் எதையும் கேமராவின் விருப்பத்துக்கு விடக்கூடாது.

இதெல்லாம் எனக்குக் கைப்பழக்கம். பழகாதது மனிதர்கள்தான். தூண் இருந்த இடத்தில் இருக்கும், ஆள் நடப்பார்.

அடுத்தடுத்த இரண்டு படங்களில் மூன்றில் ஒரு பங்கு பொதுவாக இருக்கும். அந்தப் பொதுவான இடத்தில் ஒருவர் நடந்துபோனால் இரண்டிலும் இருப்பார், வெவ்வேறு நிலையில். படங்களைத் தைக்கும் பிடிகுய் (PTGui) மென்பொருளை அதன் போக்கில் விட்டால் ஒரு படத்து இடுப்போடு இன்னொரு படத்துக் காலைச் சேர்த்துவிடும், அல்லது பாதி கரைந்த உருவமாக்கிவிடும். அப்போது மாஸ்க் வரைய வேண்டும். சிவப்பு பூசிய பகுதி மறையும், பச்சை பூசிய பகுதி கட்டாயம் வரும். ஆக, ஒரே ஆள் இரண்டு முறை இருந்தால் எந்த ஆளை வைத்துக்கொள்வது என்று தைப்பவர்தான் முடிவு செய்கிறார். அன்று தைத்தது நான்.

மூன்றாவது படத்தில் அந்தத் தம்பியின் இரண்டு ஹூக்கும் பாதுகாப்பு பெல்ட்டிலிருந்து தொங்கிக்கொண்டிருந்தன. நான்காவதில் ஒன்று லைஃப்லைனில், அதாவது ஹூக் மாட்டக் கட்டிய பாதுகாப்புக் கயிற்றில், மாட்டியிருந்தது. எனக்குச் சில வினாடி. அவருக்கு ஒரு தூணைச் சுற்றி அந்தப் பக்கம் போகும் நேரம்.

இரட்டை ஹூக் எதற்கு என்று அங்கே வேலை செய்யும் எல்லாருக்கும் தெரியும். ஒன்றை மாட்டிய பிறகுதான் மற்றதைக் கழற்ற வேண்டும், எந்த நொடியிலும் ஆள் கயிற்றோடு இருக்க வேண்டும். ஆனால் அந்தத் தூணில் கான்கிரீட் ஊற்றக் கட்டிய பலகை அடைப்பு இன்னும் பிரிக்கப்படவில்லை. தூண் இரண்டு மடங்கு தடித்து நின்றது. இந்தப் பக்கக் கயிறு தூணுக்கு முன்பே முடிந்தது, அந்தப் பக்கக் கயிறு தூணுக்குப் பின்னால் ஆரம்பித்தது. இடையில் கை எட்டாது. கழற்றாமல் யாரும் அந்தப் பக்கம் போக முடியாது. நான் பார்த்தது அவருடைய அலட்சியத்தை அல்ல, கயிற்றில் இருந்த இடைவெளியை. இதை அன்று மாலையே, படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தபோதே புரிந்துகொண்டேன். பிறகு தெரிந்தது என்று சொல்லித் தப்பிக்க எனக்கு வழியில்லை.

இருந்தும் நான்காவது படத்துக்குத்தான் பச்சை பூசினேன்.

அப்போது எனக்கு நானே சொல்லிக்கொண்டது இது. பனோரமா என்பது ஒருபோதும் ஒரே நொடி இல்லை. ஒரு குன்றின் மேலிருந்து எடின்பரோ நகரத்தை வரைந்த ராபர்ட் பார்க்கர் என்ற ஓவியர், சுற்றிலும் தெரியும் காட்சியை வரைந்து காட்டும் முறைக்கு 1787இல் காப்புரிமை வாங்கினார். அதற்கு அவர் வைத்த பிரெஞ்சுப் பெயரின் பொருள் ஒரே பார்வையில் இயற்கை என்பது. பனோரமா என்ற சொல்லே அதற்குப் பிறகுதான் வந்தது. ஆனால் ஒரு நகரத்தை யாரால் ஒரே நொடியில் வரைந்துவிட முடியும்? என் படத்திலும் முதல் ஃபிரேமுக்கும் கடைசி ஃபிரேமுக்கும் இடையே ஒன்றரை நிமிடம் ஓடியிருக்கிறது. அவர் ஹூக் இல்லாமல் நின்றதும் உண்மை, மாட்டிக்கொண்டு நின்றதும் உண்மை. இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுத்தேன், எதையும் புதிதாக வரைந்து சேர்க்கவில்லை. இது பொய்யாகுமா?

இன்னொன்றும் சொல்லிக்கொண்டேன். என்னிடம் கேட்டது வேலை எவ்வளவு முன்னேறியிருக்கிறது என்ற பதிவு, பாதுகாப்புச் சோதனை அல்ல. அதற்கு வேறு ஆட்கள் இருக்கிறார்கள். 5 மில்லியன் வெள்ளி அல்லது அதற்கு மேற்பட்ட மதிப்புள்ள கட்டுமானத் தளங்களில் 2024 ஜூன் முதல் கண்காணிப்புக் கேமரா வைக்கவேண்டும் என்று மனிதவள அமைச்சு விதி கொண்டுவந்துவிட்டது. நான் பாதுகாப்பு அதிகாரி இல்லை. ஆனால் என் படங்களை எங்கே திறக்கிறார்கள் என்பதும் எனக்குத் தெரியும். கன்டெய்னர் ஆபீசில் பெரிய திரையில், சேஃப்டி ஆட்களும் உட்கார்ந்திருக்கும் கூட்டத்தில் திறக்கிறார்கள்.

அப்புறம், அந்தப் பெர்மிட். தம்பி சொன்னது வேலை அனுமதியை. அது போனால் ஊருக்கு விமானம் ஏற வேண்டியதுதான், ஏஜெண்டுக்குக் கட்டக் கடன் வாங்கியிருந்தால் அந்தக் கடன் மட்டும் அப்படியே இருக்கும். ஆனால் சைட்டில் இன்னொரு பெர்மிட்டும் உண்டு. 3 மீட்டருக்கு மேல் விழக்கூடிய இடத்தில் வேலை செய்யத் தரும் அனுமதித் தாள், 2013ஆம் ஆண்டு விதிகளின்படி வருவது. இடத்தைப் பார்த்து, கயிற்றைப் பார்த்துக் கையெழுத்துப் போட வேண்டிய தாள் அது. மூன்றாவது படம் திரையில் வந்திருந்தால் முதலில் கேள்வி எந்தப் பெர்மிட்டின் மேல் பாய்ந்திருக்கும்? தம்பியுடையதன் மேல்தான் என்று அவர் நம்பினார். நானும் நம்பினேன். அந்த நம்பிக்கை தவறாகவும் இருந்திருக்கலாம். ஒரு நல்ல அதிகாரி அந்த இடைவெளியைப் பார்த்து அன்றைக்கே கயிற்றை நீட்டச் சொல்லியிருக்கலாம். அப்படி ஒருவருக்கு நான் வாய்ப்பே கொடுக்கவில்லை.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். இரண்டு படமும் சமமாக இருந்தன என்று சொல்ல முடியாது. ஃபிரேமின் நடுவுக்கு அருகில் முழுதாக, வளையாமல் இருக்கும் ஆளைத்தான் வைக்க வேண்டும், அதுதான் எங்கள் வழக்கம். வேலைக்கு வரும் பிள்ளைகளுக்கு நானே சொல்லிக்கொடுப்பதும் அதுதான். அந்த வழக்கப்படி வந்திருக்க வேண்டியது மூன்றாவது படம். நான்காவதில் அவர் ஓரத்தில், தோள் இழுபட்டு நின்றார், தையலும் அவர் ஹெல்மெட்டின் குறுக்கே போனது. அதைச் சரிசெய்ய முக்கால் மணி நேரம் ஆனது. தேர்ந்தெடுத்தேன் என்று மேலே எழுதியது அவ்வளவு எளிதாக நடக்கவில்லை. மெனக்கெட்டுத்தான் செய்தேன்.

மூன்றாவது வழி ஒன்று இருந்தது. வழக்கமாக ஆள் நடமாட்டம் இருந்தால் இன்னொரு சுற்று எடுத்துவைப்பேன். ஆளில்லாத படம் இருந்திருந்தால் அவர் முழுதாக மறைந்திருப்பார், கயிற்றின் இடைவெளி மட்டும் தெரிந்திருக்கும். அன்று மின்னல் வந்து அந்தச் சுற்றைக் கெடுத்தது. ஆனால் உண்மையைச் சொன்னால், ஆளில்லாத படத்தில் இரண்டு கயிறுகளுக்கு நடுவே உள்ள வெற்றிடத்தை யார் பார்க்கப்போகிறார்கள்? ஒரு மனிதர் அங்கே நின்றால்தான் அது இடைவெளி.

வாயால் சொன்னேன். இதையும் பதிவு செய்ய வேண்டும். படத்தைக் கொடுக்கப் போனபோது சூப்பர்வைசரிடம், "அண்ணே, மூணாம் மாடி மூலைத் தூண்கிட்ட லைஃப்லைன் எட்டல போலிருக்கே" என்றேன்.

"யாரும்மா சொன்னா?"

அவர் மிரட்டலாகக் கேட்கவில்லை. நல்ல மனிதர். ஆனால் யார் என்ற கேள்விதான் முதலில் வந்தது, எங்கே என்பது வரவில்லை. என் நாக்கு ஒட்டிக்கொண்டது.

"யாரும் சொல்லல, எடுக்கும்போது பார்த்தேன்."

"படத்துல இருக்கா?"

இல்லை என்று தலையாட்டினேன். அங்கே ஆள் நிற்பதும் ஹூக் மாட்டியிருப்பதும் படத்தில் இருந்தது. இடைவெளி அவர் உடம்புக்குப் பின்னால் போய்விட்டிருந்தது.

"பார்க்கறேம்மா" என்றார்.

பார்த்தாரா என்று தெரியாது. அடுத்த மாதம் போனபோது அந்த விளிம்பில் சுவர் எழும்பியிருந்தது. கயிறே தேவையில்லை. இடையில் இருந்த நாட்களில் எத்தனை பேர் எத்தனை முறை அந்தத் தூணைச் சுற்றினார்கள் என்று மனம் கணக்குப் போடும். யாருக்கும் எதுவும் ஆகவில்லை, கேட்டுத் தெரிந்துகொண்டேன். அதில் எனக்கு வந்த நிம்மதியில் பாதி என்னைப் பற்றியது என்பதுதான் உறுத்துகிறது. தம்பியின் குழு வேறு சைட்டுக்குப் போய்விட்டது. பெயர் கேட்டுவைக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை தேக்கா சந்தையில் மீன் வாங்கப் போகும்போது கூட்டத்தில் முகங்களைப் பார்ப்பேன். பார்த்தால் என்ன சொல்வேன் என்று யோசித்திருக்கிறேன். நீங்கள் கேட்டபடி செய்தேன் என்றா, செய்திருக்கக்கூடாது என்றா? அவர் முகத்தைப் பார்த்து இரண்டாவதைச் சொல்ல எனக்கு வாய் வராது.

இப்போதெல்லாம் முதல் ஃபிரேமுக்கு முன்பே குரல் கொடுக்கிறேன். "எடுக்கப் போறேன், எல்லாரும் ஹூக் மாட்டிக்குங்க!" எல்லாரும் மாட்டிக்கொள்கிறார்கள். படம் சுத்தமாக வருகிறது. மாஸ்க்கே தேவைப்படுவதில்லை. ஒன்றரை நிமிடம் எல்லாரும் பத்திரமாக இருக்கிறார்கள். நான் முக்காலியைத் தூக்கியதும் என்ன நடக்கிறது என்று திரும்பிப் பார்ப்பதில்லை. இதற்கு அந்தப் பழைய படமே மேல் என்று சில நாள் தோன்றுகிறது. சில நாள், இதனால் ஒருவருக்காவது மாட்டும் பழக்கம் வந்தால் நல்லதுதானே என்றும் தோன்றுகிறது.

போன வாரம் வேறொரு சைட். வழக்கம்போலக் குரல் கொடுத்தேன். எல்லாரும் மாட்டினார்கள். ஓரத்தில் இருந்த ஒருவர் மட்டும் ஹூக்கைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றார்.

"இங்க மாட்ட இடமில்லக்கா."

நான் கேமராவை அவர் பக்கம் திருப்பி, "அப்படியே நில்லுங்க, எடுத்துக்கட்டுமா?" என்று கேட்டேன். அவர் தன் சூப்பர்வைசர் இருந்த திசையைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார், தலையசைத்தார். எடுத்தேன். வெள்ளிக்கிழமைக்குள் அனுப்ப வேண்டும். 24 படமும் கணினியில் இருக்கின்றன. இன்னும் தைக்கவில்லை.