முகத்தை அப்புறம் பார்க்கலாம், முதலில் கணுக்கால்

சேகரிக்க வாங்கும் சூப்பர் ஹீரோ ஃபிகர் (கைகால் அசையும் பொம்மை) ஒன்றைக் கையில் எடுத்ததும் கண் நேராக முகத்துக்குத்தான் போகும். முகம் பிடித்துவிட்டால் மனசு அப்போதே விலைக்கு ஒத்துக்கொண்டுவிடும். அதனால்தான் மதிப்பிடும்போது முகத்தைக் கடைசிக்குத் தள்ளிவைக்கச் சொல்கிறேன். பெயின்ட் குறை வெளியே தெரியும். அதற்கேற்ப விலை பேசிக்கொள்ளலாம். ஜாயின்ட்டுக்குள் விட்டிருக்கும் விரிசலும், உள்ளிருந்து கசியத் தொடங்கிவிட்ட பிளாஸ்டிக்கும் வாங்கிய பிறகுதான் வேலையைக் காட்டும்.

தொடுவதற்கு முன் ஃபிகர் எந்த வரிசை, எந்த அளவு என்று உறுதி செய்துகொள்ளுங்கள். நிஜ உடலோடு ஒப்பிட்ட விகிதம் 1:18 என்றால் உயரம் ஏறக்குறைய 3¾ அங்குலம், 1:12 என்றால் 6 அங்குலம், 1:6 என்றால் 12 அங்குலம். பாதத்தின் அடியிலோ தொடையின் பின்புறமோ முதுகிலோ ஒரு வருடம் பொறித்திருக்கும். அது பதிப்புரிமை (காப்பிரைட்) வருடம், தயாரித்த வருடம் அல்ல. ஒரே உடல் மோல்டைப் பல கதாபாத்திரங்களுக்குப் பல வருடங்கள் பயன்படுத்துவார்கள். ஆகவே அந்த எண்ணை மட்டும் காட்டி "பழைய பீஸ்" என்று யாராவது சொன்னால் ஏற்காதீர்கள்.

இனி ஜாயின்ட். ஃபிகரைச் சமதளத்தில், கால்களை நேராக வைத்து, எதன் மீதும் சாய்க்காமல் நிறுத்தி ஐந்து நிமிடம் விட்டுவிடுங்கள். மெல்ல முன்னால் சாய்ந்தால் கணுக்கால் தளர்ந்திருக்கிறது, அல்லது கால் பிளாஸ்டிக் வளைந்திருக்கிறது. இரண்டும் ஒன்றல்ல. வளைந்த காலைச் சூடான நீரில் வைத்து நேராக்கி, உடனே குளிர்ந்த நீரில் பிடித்தால் பெரும்பாலும் சரியாகிவிடும். தேய்ந்த கணுக்கால் அப்படிச் சரியாகாது. பாதத்தைப் பக்கவாட்டில் சாய்த்து, ஜாயின்ட்டைக் கோக்கும் சிறு ஆணி ('பின்') நுழையும் இடத்தைச் சுற்றி வெண்மை படர்ந்திருக்கிறதா என்று பாருங்கள். நிறமுள்ள பிளாஸ்டிக்கில் வெள்ளைக் கீற்று தெரிந்தால் அந்த இடம் ஏற்கெனவே இழுபட்டிருக்கிறது; அடுத்து விரிசல்தான்.

ஒவ்வொரு ஜாயின்ட்டையும் அசைக்கும்போது அதை ஒட்டி இரண்டு பக்கமும் பிடியுங்கள். முழங்கையை மடக்க விரல் நுனியைப் பிடித்து இழுத்தால் நெம்புகோல் வைத்த மாதிரி மொத்த விசையும் அந்த மெல்லிய 'பின்' மீது இறங்கும். இன்னொரு முக்கியமான விஷயம்: திருப்பும்போது திரும்புகிறது, கையை எடுத்ததும் பழைய இடத்துக்கே வந்துவிடுகிறது என்றால் ஜாயின்ட் அசையவே இல்லை. உள்ளே இருக்கும் பெக் (இரண்டு பாகங்களை இணைக்கும் முளை) முறுக்கிக்கொள்கிறது. அந்த நொடியே நிறுத்திவிட வேண்டும். இன்னும் கொஞ்சம் திருப்பினால் கை தனியாக வந்துவிடும்.

இப்படி ஒட்டிக்கொள்வதற்குக் காரணம் பெரும்பாலும் பெயின்ட்தான். தொழிற்சாலையில் பெயின்ட் முழுதாகக் காயும் முன்பே பூட்டியிருப்பார்கள். 60 முதல் 70 டிகிரி சூட்டில் உள்ள நீரில் ஒரு நிமிடம் வைத்தால் வெளியே உள்ள மென்மையான பிவிசி இளகி, உள்ளே உள்ள கெட்டியான பெக்கை விட்டுக்கொடுக்கும். கொதிக்கும் நீர் வேண்டாம், மெல்லிய பாகங்கள் உருமாறிவிடும். துணி உடையோ எலெக்ட்ரானிக்ஸோ உள்ள ஃபிகர் என்றால் தண்ணீரே கூடாது; ஹேர் டிரையரைச் சற்றுத் தள்ளிப் பிடித்து ஜாயின்ட்டை மட்டும் சூடாக்குங்கள். விற்பவரின் பொருளில் இதைச் செய்ய முடியாது என்பதால், இறுகிய ஜாயின்ட்டை "சோதிக்கப்படாதது" என்று எடுத்துக்கொண்டு அதற்கேற்ப மதிப்பைக் குறைப்பதே சரி.

தளர்வைக் கண்டுபிடிக்கக் கையைத் தோளிலிருந்து கிடையாக நீட்டி, ஆயுதத்தையும் கொடுத்துப் பாருங்கள். ராட்செட் (படிப்படியாக நிற்க வைக்கும் பற்சக்கரம்) உள்ள தோளிலும் இடுப்பிலும் 'க்ளிக்' ஒலி சீராக வர வேண்டும். ஓரிடத்தில் மட்டும் வழுக்கினால் பல் தேய்ந்திருக்கிறது. ஜாயின்ட்டைச் சுற்றிச் சுண்ணாம்பு பூசியதுபோல் வெண்புகை படிந்திருந்தால், சூப்பர் குளூ விட்டு இறுக்கியிருக்கிறார்கள். அந்தப் படிவை மறைப்பது கடினம். கடைசியில் இடப்பக்கத்தையும் வலப்பக்கத்தையும் ஒப்பிடுங்கள். இரண்டு முழங்காலும் ஒரே அளவு மடங்காவிட்டால் காரணம் தெரியாமல் விடாதீர்கள்.

பிளாஸ்டிக்கை விரலால் படியுங்கள். முதுகில் தொங்கும் பிளாஸ்டிக் கேப் போன்ற மென்மையான பாகங்கள் பிசுபிசுத்தால் பிவிசியில் கலந்திருக்கும் பிளாஸ்டிசைசர் (பிளாஸ்டிக்கை மென்மையாக்கும் ரசாயனம்) வெளியே வருகிறது. பாத்திரம் கழுவும் சோப்பும் வெதுவெதுப்பான நீரும் அதைப் போக்கும், ஆனால் சில மாதங்களில் திரும்ப வரலாம். காற்றுப் புகாத பெட்டியில் பூட்டி வைத்தால் கசிந்தது வெளியேற வழியில்லாமல் மேலேயே தங்கும். கெட்டியான பிளாஸ்டிக் ஸ்டாண்டில் பல வருடம் நின்ற ஃபிகர் என்றால் பாதம் பட்ட இடத்தையும் பாருங்கள். கசிந்தது ஸ்டாண்டையே அரித்துத் தடம் பதித்திருக்கும்.

வெள்ளை உடை மஞ்சளித்திருக்கிறதா என்று அறிய, பெல்ட்டுக்கு அடியிலும் ஜாயின்ட்டின் உள்மடிப்பிலும் உள்ள நிறத்தோடு ஒப்பிட்டாலே போதும். பெராக்சைடு போட்டு வெளுத்த ஃபிகரில் மஞ்சள் திரும்பக்கூடும், பிளாஸ்டிக் நொறுங்கும் தன்மைக்கும் போகலாம். செய்திருந்தால் விற்பவர் சொல்லியே ஆக வேண்டும்.

1:6 ஃபிகர்களில் போலித் தோல் உடைதான் பெரிய கவலை. பாலியூரித்தேன் பூச்சு காற்றிலுள்ள ஈரத்தோடு வினைபுரிந்து சிதையும். முழங்கை, அக்குள், முழங்கால் பின்புறம் ஆகிய மடிப்புகளில் முதலில் மெல்லிய கீறல், பிறகு செதில் செதிலாக உதிர்வு. பெட்டியைத் திறக்கவே இல்லை என்பது இங்கே எந்த உத்தரவாதமும் இல்லை. உடை பெட்டிக்குள்ளும் முதுமையடையும். இந்த வகைக்கு, சீல் உடைக்காத பெட்டியைவிட அண்மையில் திறந்து எடுத்த தெளிவான படங்களையே நம்புவேன்.

பழைய வரிசைகளுக்குத் தனிச் சோதனைகள் உண்டு. 1970-களின் 8 அங்குல மீகோ நிறுவன ஃபிகர்களின் உடலை உள்ளே எலாஸ்டிக்தான் இழுத்துப் பிடித்திருக்கிறது. அது செத்துப்போனால் கைகால் தொங்கும். மாற்றலாம், ஆனால் மாற்றியதைச் சொல்ல வேண்டும். கென்னர் நிறுவனம் 1984 முதல் 1986 வரை வெளியிட்ட சூப்பர் பவர்ஸ் வரிசையில் காலை அழுத்தினால் கை இயங்கும், சிலவற்றில் கையை அழுத்தினால் கால். அந்த இயக்கம் செத்திருந்தால் பெயின்ட் எவ்வளவு பளபளப்பாக இருந்தாலும் முதல் தரம் இல்லை. மேட்டலின் சீக்ரெட் வார்ஸ் ஃபிகர்களுக்குக் கேடயமும், அதில் சொருகும், சாய்த்தால் படம் மாறும் அட்டைகளும் உண்டு. முதலில் தொலைவது அந்த அட்டைகள்தான்.

உதிரிப் பாகங்களைப் பட்டியல் வைத்து எண்ணுங்கள்: மாற்றுக் கைகள், மாற்றுத் தலை, ஸ்டாண்டின் கிளிப். மார்வெல் லெஜண்ட்ஸ் வரிசையில் 2005-இன் கலாக்டஸ் என்ற கதாபாத்திரத்திலிருந்து, ஒவ்வொரு பெட்டியிலும் ஒரு பெரிய ஃபிகரின் ஒரு பாகம் வரும் வழக்கம் தொடங்கியது. அந்தப் பாகம் இல்லையென்றால் அது முழு செட் இல்லை.

நகல்கள் பெரும்பாலும் அசல் ஃபிகரையே அச்சாக வைத்து வார்க்கப்படுபவை. வார்ப்பில் சுருங்குவதால் அளவு சற்றுச் சிறிதாகும், விரல் இடுக்கும் தசை வரியும் மழுங்கும், பொறித்த எழுத்து கலங்கும் அல்லது காணாமலே போகும். டிஜிட்டல் காலிப்பரால் தலையின் உயரம், மார்பின் அகலம், பாதத்தின் நீளம் ஆகிய மூன்றையும் உறுதியான அசலோடு ஒப்பிட்டால் சந்தேகம் தீரும்.

கடையில் விற்ற அட்டையோடு (கார்டு) இருப்பது என்றால் தொங்கவிடும் துளை குத்தப்படாமல் இருந்தால் கூடுதல் மதிப்பு. பிளிஸ்டரின் (ஃபிகரை மூடி அட்டையில் ஒட்டிய தெளிந்த பிளாஸ்டிக் கூடு) விளிம்பைச் சாய்ந்த வெளிச்சத்தில் பாருங்கள். பசை பளபளத்தாலோ, கார்டின் அச்சு உரிந்திருந்தாலோ, விளிம்புக் கோடு இரட்டையாகத் தெரிந்தாலோ யாரோ திறந்து மறுபடி ஒட்டியிருக்கிறார்கள். ஏஎஃப்ஏ போன்ற தரமிடும் நிறுவனங்கள் 100 அளவுகோலில் எண் தரும். கார்டு, பிளிஸ்டர், ஃபிகர் மூன்றுக்கும் தனித்தனி எண்களையும் படியுங்கள். மொத்த எண் ஒன்றாக இருந்தும் ஒன்றில் பிளிஸ்டர் மஞ்சள், இன்னொன்றில் கார்டு மடிப்பு என்று இருக்கலாம். மஞ்சள் மேலும் கூடும், மடிப்பு அப்படியே நிற்கும்.

இப்போது முகம். 10 மடங்கு லென்ஸ் போதும். இரண்டு கருவிழியும் ஒரே கோட்டில் பார்க்கின்றனவா, உதட்டு நிறம் எல்லை தாண்டுகிறதா, மூக்கு நுனியில் தேய்ந்து பளபளக்கிறதா என்று பாருங்கள். அண்மைக்கால 6 அங்குல ஃபிகர்களில் தோல் நிறம் நுண்ணிய புள்ளிகளாகத் தெரிவது குறை அல்ல, அது டிஜிட்டல் அச்சு. அதே புள்ளிகள் 1980-களின் ஃபிகர் முகத்தில் தெரிந்தால் தலையையோ முகத்தையோ மாற்றியிருக்கிறார்கள். அப்போது கழுத்து நிறத்தையும் கைத்தோல் நிறத்தையும் பகல் வெளிச்சத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.