பைலட்டிடம் சொன்னாச்சா

நவம்பர் 3

ஆம்புலன்ஸில் ஒரு கேஸ் முடிந்ததும் கையுறையிலிருந்து தொடங்கணும். மணிக்கட்டருகே வெளிப்பக்கத்தைக் கிள்ளி, உள்பக்கம் வெளியே வரும்படி உருவி, மற்ற கைக்குள் சுருட்டிக்கொள்ளணும். பிறகு வெறும் விரலை அடுத்த உறைக்குள் விட்டு அதையும் உருவணும். முழங்கை வரை சோப்பு. தொற்றுக்காகச் செய்வதுதான், ஆனால் நிதானமாகச் செய்தால் அந்த கேஸ் முடிந்தது என்று உடம்புக்கும் தெரிகிறது. குழாயடியிலேயே நான்கு எண்ணி மூச்சை இழுத்து, ஆறு எண்ணி விடணும். ஐந்து நிமிடம். தலை சுற்றினால் ரொம்ப ஆழமாக இழுக்கிறார்கள் என்று அர்த்தம், ஆழம் வேண்டாம்.

நவம்பர் 4

பைலட்டை, அதாவது ஆம்புலன்ஸ் ஓட்டுபவரை, யாரும் கேட்பதில்லை.

நவம்பர் 6

பெரிய விபத்து முடிந்த கையோடு எல்லோரையும் உட்காரவைத்து, "என்ன பார்த்தே, சொல்லு" என்று கிளறுவது இன்னும் நிற்கவில்லை. 1980-களில் பரவிய முறை. ஒரே அமர்வில் அப்படிக் கிளறுவது பின்னால் வரும் பாதிப்பைத் தடுப்பதில்லை. சிலருக்குக் கூட்டியும் விடுகிறது. உலக சுகாதார நிறுவனமே வேண்டாம் என்கிறது. சாப்பாடு, தண்ணீர், வீட்டுக்கு ஒரு போன், அடுத்த கால் (அவசர அழைப்பு) வருவதற்கு முன் கொஞ்சம் இடைவெளி. தானாகப் பேசினால் காது கொடுத்தால் போதும். நெஞ்சை அழுத்திக் காப்பாற்றும் சிபிஆரில் என்ன தவறியது என்ற விசாரணையை இதோடு கலக்கவே கூடாது. மெமோ பயம் வந்தால் வாய் மூடிக்கொள்ளும்.

நவம்பர் 9

மழை. ராத்திரி டூட்டி. இருபது நிமிடத் தூக்கம் நல்லது. அரை மணி தாண்டினால் எழும்போது மந்தம், அப்படியே ஸ்டியரிங் பிடிப்பது ஆபத்து. குடித்த டீயின் வீரியம் ஐந்து மணி நேரம் கழித்தும் பாதி மிச்சமிருக்கும். காலை எட்டுக்கு முடிப்பவர் இரண்டு மணியோடு டீயை நிறுத்தணும். குவார்ட்டர் தூங்க வைக்கும், பாதியில் எழுப்பியும் விடும்.

நவம்பர் 10

மறுபடி பைலட்தான். முன் சீட்டில் காட்சி கிடையாது, சத்தம் மட்டும். கத்திப்பாரா ஏறும்போது பின்னால் அழுகை சட்டென்று நின்றால் திரும்பிப் பார்க்க முடியாது. ஆஸ்பத்திரியில் ஸ்ட்ரெச்சர் உள்ளே போகும், அவர் வண்டியைத் திருப்பி நிறுத்துவார். என்ன ஆச்சு என்று தெரியாமலே அடுத்த கால். பாதியில் நின்ற சத்தத்தை மனசு தானே முடித்துக்கொள்ளும், அதுவும் மோசமாக. பின்னால் நோயாளியோடு இருக்கும் இஎம்டி திரும்பி வந்து இரண்டு வரி சொல்லணும்: "அண்ணே, துடிப்போடதான் ஒப்படைச்சோம். வண்டியால லேட் ஆகலை." உண்மையாக இருந்தால் மட்டும். இறந்திருந்தால் அதையும் மறைக்காமல் சொல்லணும். கன்ட்ரோல் ரூமில் போன் எடுப்பவருக்கும் இதே கதிதான்.

நவம்பர் 13

ஒரு மாதக் கணக்கு. முதல் வாரங்களில் கெட்ட கனவும் திடுக்கிடலும் வரும், பெரும்பாலோருக்குத் தானாகக் குறையும். மாதம் தாண்டியும் குறையாவிட்டால், அந்த ரோட்டையே சுற்றிப் போனால், குடி கூடினால், மனநல மருத்துவரைப் பார்க்கணும். உயிரோடு இருந்து என்ன என்ற பேச்சு வந்தால் அன்றைக்கே. ஆளைத் தனியாக விடக்கூடாது. டெலி மானஸ் மனநல உதவி எண் 14416, எந்த நேரமும், இலவசம், தமிழிலேயே பேசலாம். கடையில் தூக்க மாத்திரை வேண்டாம்.

நவம்பர் 14

செக்லிஸ்ட்டில் ஆக்சிஜன், சக்‌ஷன், ஸ்ட்ரெச்சர் பெல்ட், எல்லாவற்றுக்கும் டிக் போடக் கட்டம் உண்டு. கீழே இரண்டு விரற்கடை இடம் காலி. பேனாவால் கோடு போட்டாலும் போதும்: பைலட்டிடம் சொன்னாச்சா?